மைக் பிடிக்கத் தெரிந்த ஊரில் ஸ்கேட்போர்டு

மதுரையிலிருந்து மேலூர் போகும் வழியில், நான்குவழிச் சாலையை ஒட்டி, பிளாட் போட்டு விற்பனைக்கு விட்ட இடம் ஒன்று உண்டு. எல்லைக்கல் ஊன்றியாயிற்று, சிமென்ட் ரோடு போட்டாயிற்று, வீடு மட்டும் ஒன்றுகூட எழும்பவில்லை. என் அக்கா மகனும் அவனுடைய கூட்டாளிகள் ஏழெட்டுப் பேரும் அங்கேதான் ஸ்கேட்போர்டு பழகுகிறார்கள். "மாமா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சின்னதா ஒரு போட்டி வச்சிருக்கோம். நீங்க அவசியம் வரணும்" என்று கூப்பிட்டான். போனேன்.

ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். பால்காரர், ட்யூஷன் முடிந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற அம்மாக்கள், பக்கத்து ஊர் இளவட்டங்கள். மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் யாரும் நிற்கவில்லை. ஒரு பையன் ஒரே வித்தையைத் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தான். அவன் விழும்போதெல்லாம் கூட்டம் "அய்யய்யோ" என்றது. கடைசியில் ஒருமுறை பலகை காலடியில் சுற்றி வந்தது. அவன் அதன்மேல் இறங்கி, ஓட்டம் குறையாமல் போய்விட்டான். கூட்டாளிகள் போர்டைத் தரையில் தட்டிக் கத்தினார்கள். பக்கத்தில் நின்றிருந்தவர் என்னிடம் கேட்டார்: "இத்தன தடவ விழுந்தான், சும்மா இருந்தாய்ங்க. இப்ப எதுக்குக் கத்துறாய்ங்க?"

நான் இருபது வருடமாக மேலூர், கொட்டாம்பட்டி, நத்தம் பக்கத்துக் கபடிப் போட்டிகளுக்கு மைக் பிடிப்பவன். மின்னொளியில் விடிய விடிய நடக்கும் ஆட்டங்களில் கூட்டத்தைக் கலையவிடாமல் வைத்திருப்பது என் வேலை. அந்த மனிதர் கேட்டது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. புதிய விளையாட்டு ஒன்று வேரூன்றவில்லை என்றால் மைதானம் இல்லை, புரவலர் இல்லை, அரசு கண்டுகொள்ளவில்லை என்று காரணம் சொல்கிறோம். எல்லாம் உண்மைதான். ஆனால் அன்று நான் கண்ட குறை வேறு. பார்க்க ஆள் வந்தார்கள். எதைப் பார்ப்பதென்று தெரியாமல் திரும்பிப் போனார்கள். பழகாத கண்ணுக்கு விழுவது மட்டும்தான் தெரியும். விழாமல் நிற்பதில் உள்ள அருமை தெரியாது.

அந்தப் பையன் செய்ததற்குப் பெயர் கிக்ஃப்ளிப். பின்னங்காலால் பலகையின் வாலைத் தரையில் தட்ட வேண்டும். அந்த வேகத்தில் ஆளும் பலகையும் மேலெழும்ப, முன்னங்கால் விரல்நுனியால் பலகையின் ஓரத்தைச் சுண்ட வேண்டும். பலகை நீளவாக்கில் ஒரு முழுச்சுற்று சுற்றும். நான்கு சக்கரமும் கீழ்நோக்கி வருகிற கணத்தில் காலால் அதைப் பிடித்துத் தரையிறங்க வேண்டும். காலில் வார் கிடையாது, பசை கிடையாது. "காலோட ஒட்டியிருக்கா தம்பி?" என்று அன்றைக்கு எத்தனையோ பேர் கேட்டார்கள். ஒட்டியிருக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஒருவருக்கு இந்த விளையாட்டு தெரியவே ஆரம்பிக்கிறது.

கையால் பிடிக்காமல் பலகையோடு எழும்பும் ஓல்லி என்ற அடிப்படை வித்தையை 1970களின் கடைசியில் ஆலன் கெல்ஃபாண்ட் என்ற ஃபுளோரிடா இளைஞர் சரிவுச் சுவர்களில் செய்து காட்டினார். அதைச் சமதரையில் சாத்தியமாக்கியவர் ராட்னி முல்லன், 1980களின் தொடக்கத்தில். கிக்ஃப்ளிப்பும் அவர் கொடுத்ததுதான். இன்று தெருவில் ஸ்கேட்போர்டு ஓட்டும் எந்தப் பிள்ளையும் அந்த இரண்டு வித்தைகளின் பேரப்பிள்ளைதான். எங்கள் பிளாட் ரோட்டுப் பையன் உட்பட.

கபடிக்கு இந்தச் சங்கடம் இல்லை. சுற்றி நிற்கிற ஆண்களில் பாதிப்பேர் சின்ன வயதில் மண்ணில் புரண்டவர்கள். பாடிப்போகிறவன் எந்தக் காலை முன்வைக்கிறான், ஓரத்துக்காரன் கணுக்காலுக்குக் குறி வைக்கிறானா என்று நான் சொல்லாமலே அவர்களுக்குத் தெரியும். செல்லூர் ரவுண்டானாவில் கபடி வீரர்களுக்குச் சிலையே வைத்திருக்கிற ஊர் இது. அந்தக் கூட்டத்துக்கு மைக் வெறும் தாளம். ஸ்கேட்போர்டுக்கு மைக் கண் மாதிரி. அது இல்லாவிட்டால் ஒன்றுமே தெரியாது.

வாடிவாசல் சொல்லித்தருவது

தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. இந்த மூன்று நாளையும் வீரத்துக்காகவும் மரபுக்காகவும் பேசியவர்கள் ஏராளம். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, 2017 ஜனவரியில் மதுரைத் தமுக்கம் மைதானத்திலும் அலங்காநல்லூரிலும் பிள்ளைகள் இரவு பகலாக உட்கார்ந்தது, சட்டம் திருத்தப்பட்டது, 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது எல்லாம் எழுதியாயிற்று. ஒரு நிகழ்ச்சியாக அதன் கட்டுமானம் எப்படி இருக்கிறது என்று பேசியவர்கள் குறைவு. நான் அதை ஒரு மைக்காரனாகப் பார்க்கிறேன்.

மாடு வாடிவாசலுக்குள் நிற்கும்போதே ஒலிபெருக்கி பேசத் தொடங்கிவிடும். எந்த ஊர் மாடு, யாருடைய மாடு, பரிசு என்ன. தங்கக் காசா, கட்டிலா, பீரோவா, அண்டாவா, சைக்கிளா. பிடித்தால் வீரருக்கு, பிடிபடவில்லை என்றால் மாட்டுக்காரருக்கு. இத்தனையும் சொல்லி முடித்த பிறகு மாடு வெளியே வரும். அடுத்த பத்து இருபது நொடியில் முடிவு தெரிந்துவிடும். திமிலை மட்டுமே பிடிக்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒருவர்தான் தழுவ வேண்டும், இத்தனை துள்ளல் அல்லது இத்தனை தூரம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்ற விதி ஒரு மணி நேரம் பார்த்தால் யாருக்கும் மனப்பாடம் ஆகிவிடும். வெளிநாட்டிலிருந்து வந்து கேலரியில் உட்கார்ந்தவர்கூட மதியத்துக்குள் "விட்டுட்டான், விட்டுட்டான்" என்று எழுந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

கவனித்துப் பாருங்கள். ஆள் யார், பணயம் என்ன, எது வெற்றி, எது தோல்வி என்ற எல்லாமே ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் கூட்டத்தின் கையில் கொடுக்கப்படுகிறது. நாள் முழுக்க நடக்கும் விழா நூற்றுக்கணக்கான குட்டிப் போட்டிகளாகப் பிரிந்திருக்கிறது. நடுவில் வந்து சேர்கிறவருக்கும் முதலிலிருந்து பார்ப்பவருக்கும் சமமான சுவை. கார் பரிசு கடைசியில்தான், ஆனால் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பரிசு உண்டு என்பதால் ஒவ்வொரு மாடும் முக்கியம். இந்த அமைப்பை யாரும் கல்லூரியில் உட்கார்ந்து வரைந்து தரவில்லை. ஊர் பல தலைமுறையாகச் செய்து செய்து கண்டுபிடித்தது.

ஸ்கேட்போர்டு உலகத்திலும் இதே அமைப்பு தனியாகத் தோன்றியிருக்கிறது என்பதை அக்கா மகன் காட்டிய காணொளிகளில் கண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒருவர் கையில் பணக் கட்டுடன் நிற்பார். "இந்தப் படிக்கட்டில் கிக்ஃப்ளிப் போட்டு இறங்குகிறவருக்கு இவ்வளவு" என்று அறிவிப்பார். பத்துப் பையன்கள் ஒருவர்பின் ஒருவராகப் பாய்வார்கள். முதலில் இறங்கியவன் கையில் அந்த இடத்திலேயே பணம். காசுக்கு வித்தை என்று அவர்கள் அதைச் சொல்கிறார்கள். நம் ஊரில் காளைக்குக் கட்டில், அங்கே படிக்கட்டுக்குப் பணம். சூத்திரம் ஒன்றேதான்.

மற்றவர்கள் எப்படிக் கண் கொடுத்தார்கள்

அமெரிக்காவின் இஎஸ்பிஎன் தொலைக்காட்சி 1995இல் ரோட் ஐலண்டில் எக்ஸ்ட்ரீம் கேம்ஸ் என்று ஒரு போட்டியைத் தொடங்கியது. மறுவருடமே அது எக்ஸ் கேம்ஸ் ஆயிற்று. அதுவரை ஸ்கேட்போர்டு போட்டி என்பது பெரும்பாலும் ஓட்டுகிறவர்கள் ஓட்டுகிறவர்களுக்காக வைத்துக்கொண்டது. 1999 ஜூனில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த எக்ஸ் கேம்ஸில், டோனி ஹாக் சரிவுச் சுவரிலிருந்து எழும்பி ஆகாயத்தில் இரண்டரைச் சுற்றுச் சுற்றி இறங்கினார். 900 பாகை என்பதால் அந்த வித்தைக்குப் பெயரே தொள்ளாயிரம். ஆட்ட நேரம் முடிந்துபோயிருந்தது. ஆனாலும் விழுந்து விழுந்து மறுபடி ஏறினார், யாரும் அவரைத் தடுக்கவில்லை. போட்டியாளர்கள் எல்லாரும் சுற்றி நின்று போர்டைத் தட்டினார்கள். இரண்டரைச் சுற்று என்பதை எண்ண யாருக்கும் பயிற்சி வேண்டியதில்லை. இதுவரை போட்டியில் யாரும் செய்ததில்லை என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். வாடிவாசல் மைக் மாதிரியே, பணயம் முன்கூட்டியே கூட்டத்தின் கையில் இருந்தது. அதே ஆண்டு அவர் பெயரில் வெளிவந்த வீடியோ விளையாட்டு, போர்டில் ஏறாத பிள்ளைகளுக்கும் வித்தைகளின் பெயரைச் சொல்லிக் கொடுத்தது. வித்தைக்குப் பெயர் தெரிந்த பிள்ளைதான் நாளைய பார்வையாளர்.

2010இல் தொடங்கிய ஸ்ட்ரீட் லீக் என்ற ஸ்கேட்போர்டு போட்டித் தொடர் இன்னொரு வேலை செய்தது. ஒவ்வொரு வித்தை முடிந்ததும் மதிப்பெண்ணை உடனே திரையில் காட்டியது. அடுத்த ஆளுக்கு எவ்வளவு தேவை என்று கூட்டம் கணக்குப் போடத் தொடங்கியது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டு முதல்முறையாகச் சேர்ந்தபோது, ஆண்கள் தெருப்பிரிவில் தங்கம் வென்ற யூட்டோ ஹோரிகோமே அந்தப் போட்டி நடந்த கோட்டோ வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். பெண்கள் தெருப்பிரிவில் தங்கமும் வெள்ளியும் வென்ற இருவருக்கும் வயது 13.

கபடிக்கும் இது நடந்தது. 2014 ஜூலையில் புரோ கபடி லீக் வந்தபோது ஆட்டத்தை அப்படியே தூக்கித் திரையில் வைக்கவில்லை. மண்ணில் இல்லை, பாயில் ஆடவைத்தார்கள். பாடிப்போகிறவனுக்கு 30 நொடி, அது திரையில் ஓடும். ஒரு அணி தொடர்ந்து இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவது முறை பாடிப்போகிறவன் புள்ளி எடுத்தே தீர வேண்டும், இல்லையென்றால் அவன் அவுட். இந்த ஒரு விதியே ஆட்டத்தில் தூக்கம் இல்லாமல் செய்துவிட்டது. கபடியே தெரியாத நகரத்து வீடுகளும் முதல் பருவத்திலேயே பார்க்க உட்கார்ந்தன. 2017இல் தமிழ் தலைவாஸ் அணி வந்தது. இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. பாய் வாங்க முடியாத ஊர் அணிகள் பின்தங்கின, மண்ணில் ஆடும் பிடி ஒன்றிரண்டு வழக்கொழிந்தே போயிற்று. பார்க்கிறவருக்காக ஆட்டத்தை மாற்றும்போது ஆடுகிறவன் எதை இழக்கிறான் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் மாநிலத்திலேயே முழு உதாரணம் வேண்டுமென்றால் கோவளம். சென்னைக்குத் தெற்கே மீனவக் குப்பத்தில், மூர்த்தி மேகவன் என்ற மீனவர் அலையில் பலகை ஓட்டத் தானாகப் பழகி, ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். தொழிலதிபர் அருண் வாசு துணையோடு 2012இல் சர்ஃப் பள்ளி எழுந்தது. மறுவருடம் விழா. போட்டியை மட்டும் வைக்கவில்லை, இசையும் யோகாவும் சேர்த்து வைத்தார்கள். அலைச்சறுக்கு என்றால் என்னவென்றே தெரியாத குடும்பங்கள் பாட்டுக் கேட்கவும் கடற்கரையில் சாப்பிடவும் வந்து, கூடவே இதையும் பார்த்துவிட்டுப் போயின. விழா முடிந்த மறுநாள் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அந்தக் குப்பத்துப் பையன்களுக்கு வருமானமாயிற்று. பத்து வருடம் கழித்து, 2023 ஆகஸ்டில், அதே கடற்கரையோரம் மாமல்லபுரத்தில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச்சுற்றுப் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டியே அங்கு நடந்து, ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். முதல் விழாவுக்கு உலகச் சாம்பியனைக் கூட்டி வந்திருந்தால் இது நடந்திருக்குமா என்றால், நடந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். வருடாவருடம் அதே இடத்தில் வைத்தார்கள், ஊர்ப் பிள்ளைகளை நடுவில் நிறுத்தினார்கள்.

எதிர் உதாரணமும் நம்மிடமே உண்டு. சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலக வேக ஸ்கேட்டிங் போட்டியில் தங்கம் வென்றார். அந்த விளையாட்டில் இந்தியாவுக்கு முதல் உலகத் தங்கம். காலில் சக்கரம் மாட்டி ஓடுவது ஸ்கேட்போர்டு அல்ல, உறவுக்கார விளையாட்டு. எங்கள் ஊர் டீக்கடையில் அவர் பெயரைச் சொன்னேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பதக்கம் வந்தால் கூட்டம் வரும் என்பார்கள். கண்ணெதிரே ஆட்டம் நடக்காத ஊரில் பதக்கம் ஒருநாள் செய்தியாக வந்து போய்விடுகிறது.

ஆடி மாதத்து மண்டபம்

மதுரையில் எங்கள் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு நிகழ்ச்சி வைப்பதென்றால் எங்கே, எப்போது? இங்கேதான் நாங்கள் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

தெருவில் வித்தை காட்டும் ஸ்கேட்போர்டின் சக்கரம் சுமார் 52 மில்லிமீட்டர், கல் மாதிரிக் கெட்டி. வழவழப்பான சிமென்ட் தரைக்கு அது ஏற்றது. நம் தார் ரோட்டில் ஜல்லி துருத்திக்கொண்டிருக்கும். ஒரு பட்டாணி அளவுக் கல் சக்கரத்துக்கு முன்னால் கிடந்தால் போர்டு நின்றுவிடும், ஆள் நிற்க மாட்டான், முகம் தரையில். பெரிய மெத்துச் சக்கரம் மாட்டினால் கரடு ரோட்டிலும் ஓடும், ஆனால் வித்தைக்குத் துள்ளல் சரிவராது. ஆகவே மைதானம் என்றால் புல்தரையோ மண்தரையோ இல்லை, நல்ல தளம். யானைமலையின் வழுக்குப் பாறையைப் பார்த்து "அங்க போகலாமா மாமா" என்று கேட்டவர்கள் உண்டு. சமணர் படுக்கையும் கல்வெட்டும் உள்ள மலை அது. அங்கே சக்கரம் உருளக் கூடாது என்று சொன்னதும் புரிந்துகொண்டார்கள்.

பிளாட் ரோடு பழக நல்லது. நிகழ்ச்சிக்கு ஆகாது. நிழல் இல்லை, விளக்கு இல்லை, உட்கார இடமில்லை, எல்லாவற்றுக்கும் மேலே கழிப்பறை இல்லை. அம்மாக்கள் ஏன் மூன்று நிமிடத்தில் கிளம்பினார்கள் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். பெண்களும் பிள்ளைகளும் இரண்டு மணி நேரம் உட்காரக்கூடிய இடம் இல்லையென்றால் அந்த விளையாட்டுக்கு வருகிற கூட்டம் இளவட்ட ஆண்களோடு நின்றுவிடும். மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில், ஜன்வார் என்ற கிராமத்தில், உல்ரிக்கே ரெய்ன்ஹார்ட் என்ற ஜெர்மானியப் பெண்மணி 2015இல் ஸ்கேட்போர்டுத் தளம் ஒன்றைக் கட்டினார். விதி இரண்டே. பள்ளிக்கூடம் போகாவிட்டால் ஸ்கேட்போர்டு இல்லை. பெண் பிள்ளைகளுக்கு முதல் இடம். இந்த இரண்டாவது விதியை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். முதல் விதியைக் கேட்டு என் அக்காவுக்கு இந்த விளையாட்டின்மேல் இருந்த கோபமே பாதி குறைந்தது.

இடத்துக்கு வழி சொன்னது ஒரு சமையல்காரர். "ஆடி மாசம் மண்டபம் எல்லாம் சும்மாதான அண்ணே கெடக்கு" என்றார். யோசித்துப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கம் கல்யாணம் கிடையாது. மதுரையைச் சுற்றி இத்தனை கல்யாண மண்டபங்கள் அந்த இரண்டு மாதமும் பூட்டிக் கிடக்கின்றன. வண்டி நிறுத்த சிமென்ட் தளம், கூரை, விளக்கு, ஜெனரேட்டர், நாற்காலி, தண்ணீர், கழிப்பறை, மைக் செட் எல்லாம் அங்கேயே உண்டு. மார்கழியில் வடகிழக்குப் பருவமழையின் வால் இருக்கும், கூரை இருந்தால் கவலையில்லை. மண்டபக்காரர்களின் பயம் தரை கீறும் என்பது. நியாயமான பயம். பலகையின் அடியிலுள்ள இரும்பு அச்சும், வழுக்குவதற்காகத் தேய்க்கிற மெழுகும் தரையைக் கெடுக்கும். பிளைவுட் விரித்து, முன்பணம் கட்டி, எழுதிக் கொடுத்தால் சம்மதிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தடைகளைச் செய்ய வெளியூர் போகத் தேவையில்லை. சதுர இரும்புக் குழாயில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கம்பி, ஓரத்தில் ஆங்கிள் அடித்த பிளைவுட் பெட்டி ஒன்று, ஒரு சின்னச் சரிவு. வெல்டிங் பட்டறையில் இரண்டு நாள் வேலை. அவ்வளவு போதும். கோடிக்கணக்கில் செலவழித்துத் தளம் கட்டிய பிறகுதான் தொடங்குவோம் என்று காத்திருக்கிறவர்களை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், காத்திருக்காதீர்கள். அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் ஜல்லிக்கட்டுக்கென்று பெரிய அரங்கம் 2024 ஜனவரியில் திறந்தார்கள். அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே கூட்டம் வாடிவாசலில் இருந்தது.

பரிசு விஷயத்தில் கபடி எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் கசப்பானது. பரிசுத் தொகையைத் திடீரென்று உயர்த்தினால் வெளியூரிலிருந்து பழுத்த ஆட்டக்காரர்கள் வருவார்கள், ஊர்ப் பையன் முதல் சுற்றிலேயே வெளியே போவான், அடுத்த வருடம் அவன் தகப்பனும் வரமாட்டான். அதனால் பெரிய முதல் பரிசு வைக்காமல், வாடிவாசல் முறைக்குப் போனோம். ஒரு வித்தை, ஒரு பரிசு. ஜிகர்தண்டா கடைக்காரர் ஒரு பரிசு, சைக்கிள் கடைக்காரர் ஒன்று, இறந்துபோன அப்பாவின் நினைவாக ஒருவர் ஒன்று. கபடி நோட்டீஸில் வருகிற அதே வரிசை. ஒவ்வொன்றையும் வித்தைக்கு முன்னால் மைக்கில் சொல்வது. ஆளுக்கு மூன்று முயற்சி. யாரும் இறங்கவில்லை என்றால் அந்தப் பரிசு அடுத்த வித்தையோடு சேர்ந்துவிடும்.

விதியையும் பாட்டி முதல் பேரன் வரை புரிகிற மாதிரி வைத்தோம். நாலு சக்கரமும் தரையில் இறங்க வேண்டும், கால் கீழே படக் கூடாது, கை தரையைத் தொடக் கூடாது. ஒலிம்பிக்கில் இப்படி இல்லை, அங்கே நடுவர்கள் வேகம், கடினம், நடை என்று பலதையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். பிள்ளைகளுக்கு அந்த நுணுக்கம்தான் பிடிக்கும், என்னோடு சண்டை போட்டார்கள். "மாமா, கை லேசா பட்டாலும் உலகத்துல எவனும் செல்லாதுன்னு சொல்ல மாட்டான்." சொன்னேன்: "மாப்ள, கூட்டத்துக்குக் கண் பழகட்டும். பழகுன பெறகு விதிய நீங்களே மாத்திக்கங்க." கடைசியில் ஒப்புக்கொண்டார்கள்.

ஊர்ப்பெயர் சேர்த்ததும் என் யோசனை. தனி ஆளாக வந்தவர்களைத் திருநகர், கோ.புதூர், வில்லாபுரம், அனுப்பானடி என்று மூவர் மூவராகப் பிரித்தோம். ஆளைத் தெரியாதவர்களுக்கும் ஊர் தெரியுமே. அனுப்பானடி என்று மைக்கில் சொன்னவுடன் கூட்டத்தில் நாலு பேர் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

ஓய்வு நேரத்தில் பார்க்க வந்த பிள்ளைகளை ஏற்றிவிட நான்கு பழைய போர்டும் தலைக்கவசமும் தனியாக வைத்திருந்தோம். கையைப் பிடித்துக்கொண்டு பத்தடி உருண்ட பிள்ளைக்கு அடுத்த சுற்றில் மைக்கே தேவையில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று அதன் முட்டிக்குத் தெரிந்துவிடுகிறது. கூட்டத்தை வளர்க்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. அதோடு அடுத்த தேதியை அன்றைக்கே, கூட்டம் கலைவதற்கு முன்பே, மைக்கில் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் செல்போனில் எடுத்துப் போடும் குட்டிக் காணொளிகள் ஞாபகத்தைத் தொடர்ந்து வைத்திருக்கும். பிரேசிலில் ரைஸ்ஸா லியால் என்ற ஏழு வயதுச் சிறுமி தேவதை உடையில் போர்டு ஓட்டிய காணொளிதான் அவரை உலகுக்குக் காட்டியது. டோக்கியோவில் வெள்ளி வென்றவர் அவர்தான். ஆனால் காணொளி பார்த்தவரை நாற்காலிக்கு இழுக்கத் தேதியும் இடமும் வேண்டும்.

ஒரு பயம் எனக்கு எப்போதும் உண்டு. கூட்டம் சேர்ந்தால் பையன்களுக்கு வெறி ஏறும், தன்னால் முடியாததை முயல்வார்கள். ஜல்லிக்கட்டில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் குத்துப்பட்டதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே இரட்டைத் தடுப்பும் மருத்துவக் குழுவும் கட்டாயமானது எத்தனை உயிர் போன பிறகு என்று இந்த மண்ணுக்குத் தெரியும். ஆகவே தலைக்கவசம் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. நாற்காலி வரிசைக்கும் ஓடும் இடத்துக்கும் நடுவில் தடுப்பு. முதலுதவி தெரிந்தவர் ஒருவர், வாசலில் ஒரு வண்டி. இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும் என்பது சட்டம், எங்கள் நிகழ்ச்சி ஒன்பதுக்கே முடியும். மைக்காரனுக்கு நான் வைத்துக்கொண்ட விதி ஒன்று: விழுந்தவனைப் பற்றி ஒரு வார்த்தையும் சத்தமாகச் சொல்வதில்லை. எழுந்த பிறகுதான் பேசுவேன்.

ஆடி மூன்றாம் ஞாயிறு, மேலூர் ரோட்டில் ஒரு மண்டபம். முதல் அரை மணி நேரம் கூட்டம் விழுகிறபோது மட்டும் சத்தம் போட்டது. நான் ஒவ்வொரு வித்தைக்கும் முன்னால் சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்பப் பலகை ஒரு சுத்துச் சுத்தும், கால் ரெண்டும் அந்தரத்துல இருக்கும், நாலு சக்கரமும் இறங்கணும், கை படக் கூடாது, ஜிகர்தண்டா கடைப் பரிசு. எட்டு மணி சுமாருக்கு, பெட்டி மேலிருந்து கிக்ஃப்ளிப் போட்டு இறங்க வேண்டிய சுற்று. சேர்ந்து சேர்ந்து மூன்று பரிசு அதன் தலையில் நின்றது. வில்லாபுரத்துப் பையன் ஒருவன் மூன்றாவது முயற்சியில் இறங்கிவிட்டான். நடுவராக நின்ற பிள்ளைகள் கையைத் தூக்கினார்கள். நான் பரிசை அறிவிக்க மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன்.

முன்வரிசையில் துண்டைத் தோளில் போட்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "ஏப்பா, வீலு நாலும் எறங்குச்சு, ஒத்துக்கிர்றேன். எடது கை தரையில பட்டுச்சே, பாத்தீயளா இல்லையா?"

மண்டபமே இரண்டாகப் பிரிந்தது. பட்டது, படவில்லை. வில்லாபுரத்துக்காரர்கள் ஒரு பக்கம், பின்வரிசை அம்மாக்கள் ஒரு பக்கம். அக்கா மகன் செல்போனை எடுத்து வந்தான், நடுவர்கள் தலையைக் குனிந்து மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள். விரல்நுனி பட்டிருந்தது. பெரியவர் சொன்னதுதான் சரி. அவர் உட்காரவில்லை. அடுத்த பையன் பெட்டியை நோக்கி உருளத் தொடங்கியபோது, நின்றபடியே சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.